பெருவிரல் நகம்

சாக்ஸைக் கழற்றினேன். அது விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நனைத்துத்தான் பிரித்தெடுத்தேன். வலது கால் பெருவிரல் நகம் நாவற்பழ நிறத்தில் இருந்தது. தொட்டால் உயிர் போனது. தொடாமல் விட்டாலும் நாடி துடிக்கத் துடிக்க உள்ளே விண் விண்ணென்று தெறித்தது. அம்மா குனிந்து பார்த்தாள்.

"நெலப்படியில இடிச்சுக்கிட்டியா?"

"இடிக்கலம்மா. ஓடிட்டுத்தான் வர்றேன்."

"இடிக்காமயா இப்படி ரத்தம் கட்டும்?"

என்னிடம் பதில் இல்லை. எங்கும் இடித்துக்கொண்ட நினைவு இல்லை. அது 2015, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிய எனக்கு இரண்டு வருடமும் மூன்று நகங்களும் ஆயின.

அன்று நாங்கள் நான்கு பேர் கடச்சனேந்தலில் வண்டிகளை நிறுத்திவிட்டு அழகர்கோவில் வரைக்கும் ஓடினோம். அழகர் சித்திரையில் மதுரைக்கு வருகிற வழி அது. பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன் திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி என்று மண்டகப்படி மண்டகப்படியாக அவர் இறங்கி வருவார். நாங்கள் அதை எதிர்த்திசையில் ஓடுவோம். கள்ளந்திரியில் பெரியாறு கால்வாயில் தண்ணீர் போனால் நின்று முகம் கழுவிக்கொள்வோம். அன்று கோயிலோடு திரும்பாமல் பழமுதிர்சோலை வரைக்கும் மலை ஏறினோம். ஏற்றத்தில் மூச்சு வாங்கியதே தவிர காலில் ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கும்போது உடம்பு லேசாகிவிட, வேகம் பிடித்து இறங்கினோம். அந்த இறக்கத்தில்தான் நகம் போனது.

இறக்கத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னால் சறுக்கும். சறுக்கிய பாதத்தின் நீளமான விரல் ஷூவின் மூக்கில் போய் முட்டும். சிலருக்குப் பெருவிரல் நீளம், சிலருக்கு இரண்டாவது விரல். ஒரு தடவை முட்டினால் தெரியவே தெரியாது. ஒரு எட்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 42.195 கிலோமீட்டர் மாரத்தானில் ஏறக்குறைய 42 ஆயிரம் எட்டு, ஒரு காலுக்கு 21 ஆயிரம். நிலைப்படியில் ஒரு தடவை ஓங்கி இடித்தால் கட்டுகிற ரத்தம், இருபதாயிரம் தடவை மெல்லத் தட்டினாலும் கட்டும். நகத்துக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிழிந்து ரத்தம் கசியும். மேலே நகம், கீழே எலும்பு. கசிந்த ரத்தத்துக்குப் பரவ இடம் கிடையாது. அந்த நெருக்கம்தான் விண் விண்ணென்று தெறிக்கிறது.

அம்மா கேட்டது சரிதான். இடித்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

ஓட ஆரம்பித்தது அதற்கு முந்தைய வருடம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. வங்கியில் நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. முப்பத்தெட்டு வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என் அளவும் எல்லைக்கோட்டில் வந்து நின்றது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஆனையூர் கண்மாய்க் கரையில் நடக்கத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் நடை ஓட்டமானது. அந்தக் கரையில் சின்ன வயதில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறேன். அப்போது ஆனையூர் மதுரையோடு சேராத தனி ஊர். 2011-இல்தான் மாநகராட்சிக்குள் வந்தது. கல்லில் இடித்து நகம் பேர்ந்தால் அப்பத்தா வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிந்துவிடுவாள். எரிகிற எரிச்சலில் ஊரே கேட்கக் கத்துவேன். ஒரு வாரத்தில் மறுபடி அதே கரையில் ஓடுவேன். அந்தக் காயங்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ஷூவுக்குள் இருந்துகொண்டே நகம் சாகும் என்பது நான் கேள்விப்படாத விஷயம்.

ஷூ வாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்குப் போடுகிற ஷூ எட்டாம் எண். அதனால் ஓடுகிற ஷூவும் எட்டே கேட்டேன். காலை பத்தரை மணிக்குக் கடை திறந்ததும் போய், கடையில் கொடுத்த மெல்லிய காலுறையைப் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்தபடியே மாட்டிப் பார்த்தேன். முன்னால் லேசாகப் பிடித்தது. "போடப் போட விட்டுக் குடுக்கும் சார்," என்றார் விற்பனையாளர். தோல் செருப்பு விட்டுக்கொடுக்கும். ஓட்ட ஷூ அகலத்தில் கொஞ்சம் நெகிழலாம், நீளத்தில் ஒரு நூல்கூட நீளாது. நின்று பார்க்கவில்லை, நடந்து பார்க்கவில்லை. காலை நேரத்துக் கால் வேறு, இரண்டு மணி நேரம் மதுரை வெயிலில் ஓடி வீங்கிய கால் வேறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

முதல் நகம் விழ மூன்று மாதம் ஆனது. வலி நான்கு நாளில் அடங்கியது. நகம் மெல்ல மரத்துப்போய், ஓரங்கள் தூக்கிக்கொண்டு, துண்டின் நூலில் மாட்டி இழுக்கும். கார்த்திகையில் ஒரு நாள் குளிக்கும்போது சத்தமில்லாமல் கழன்று கையில் வந்தது. உள்ளே கொஞ்ச தூரத்துக்குப் புது நகம் ஏறி வந்திருந்தது. நுங்கின் மேல்தோலைப் போல மெல்லிசாக, ஈரமாக, அலை அலையாக. அதைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். நான் அலுவலகம் போய், சாப்பிட்டுத் தூங்கிய அத்தனை நாளும், செத்த நகத்துக்குக் கீழே உடம்பு அதன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கூட ஓடுகிறவர்களிடம் விஷயத்தைச் சொன்னபோது கை கொடுத்தார்கள். "நகம் போயிருச்சா? அப்ப இனிமே நீங்க ரன்னர்தான் சார்!" மூத்த ஓட்டக்காரர் ஒருவர் தன் கால்களைக் காட்டினார். பத்து விரலில் நாலு கறுப்பு. வடுவைக் காட்டுகிற மாடுபிடி வீரரின் பெருமை அவர் முகத்தில் இருந்தது. எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அடுத்த வருடம் இடது காலில் இரண்டு நகம் கறுத்தபோது நான் கவலைப்படவே இல்லை. இன்றைக்கு அழுத்தமாகச் சொல்கிறேன், கறுத்த நகத்தில் பெருமைப்பட எதுவும் இல்லை. அது ஷூ அளவு தவறு என்பதற்கான ரசீது. உழைப்புக்கு அடையாளம் வேண்டுமானால் வேறு எத்தனையோ இருக்கிறது.

பெருமை வேண்டும் என்றால் அதே மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிய ஒரு பெண்ணைச் சொல்லலாம். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி. பெற்றோரை இழந்து பாட்டி வளர்த்த பிள்ளை. ஷூ வாங்க வழியில்லாமல் தொடக்கத்தில் வெறுங்காலிலேயே போட்டிகளில் ஓடினார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். நெடுந்தூரத்தில் எதியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றதை எல்லோரும் அறிவார்கள். நம் நாட்டின் சிவ்நாத் சிங்கை அந்த அளவுக்கு அறிய மாட்டார்கள். பாதத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வெறுங்காலில் ஓடிப் பழகியவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினொன்றாவதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். அந்தக் கால்களில் முட்ட ஷூவின் மூக்கு இல்லை. அதற்காக நம் சாலைகளில் எல்லோரும் ஷூவைக் கழற்றிவிட்டு ஓடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் கிடக்கிற ஊர் இது. போடுகிற ஷூ பாதத்துக்கு இடம் விட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது நகத்தில்தான் நான் பெரிய தப்புச் செய்தேன். 2016 மார்கழி. முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த அன்று இரவு தூக்கமே இல்லை. போர்வை பட்டாலும் வலித்தது. ஊக்கைச் சூடு பண்ணி நகத்தில் ஓட்டை போட்டால் ரத்தம் வெளியேறி வலி நின்றுவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அம்மா தூங்கிய பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, அம்மாவின் தாலிக்கொடியில் தொங்கும் ஊக்கு ஒன்றைக் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி நகத்தில் வைத்தேன். மயிர் கருகும் வாடை வந்தது. கறுப்பு ரத்தம் இரண்டு சொட்டு வெளியே வந்தது. நிஜமாகவே வலி பாதியாகக் குறைந்தது. அந்த நிம்மதியில் காயத்தைக் கழுவாமல், மூடாமல், காலையில் அதே பழைய ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். நான்காம் நாள் விரல் நுனி முழுக்கச் சிவந்து, நகக்கண்ணில் சீழ் கோத்து, அரையில் நெறி கட்டியது. அம்மா எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகிவிட்டாள். கைவிரலில் நகச்சுத்தி வந்தால் வீட்டில் செய்கிற வைத்தியம் அது. இதற்கு அது போதவில்லை.

புதூரில் தோல் மருத்துவர் ஒருவரிடம் போனேன். நடுவயதுப் பெண்மணி. விரலைப் பார்த்ததும் திட்டவில்லை. "எப்ப ஓட்டை போட்டீங்க, எதால போட்டீங்க?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்றார். இல்லை என்றதும் அவர் முகம் தளர்ந்ததை நான் கவனித்தேன். அந்தக் கேள்வியின் கனம் அப்போது எனக்குத் தெரியாது. தூக்கிக்கொண்டிருந்த நக ஓரத்தை வெட்டிவிட்டுச் சீழை வெளியேற்றினார். டெட்டனஸ் ஊசியும் ஐந்து நாளைக்கு மாத்திரையும் எழுதினார்.

"ரத்தத்தை வெளியேத்துறது தப்பில்லங்க," என்றார். "வலி தாங்க முடியாம இருந்தா, முதல் ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள, சுத்தமான ஊசியால நாங்க செஞ்சு விடுவோம். அதுக்கு மேல போனா ரத்தம் உறைஞ்சிரும், குத்தி ஒண்ணும் வராது. வலியே இல்லைன்னா தொடவே வேணாம். அது மூடிக் கிடக்குற வரைக்கும் கிருமி உள்ள போகாது. நீங்க கதவைத் திறந்து வச்சிட்டுப் போயிட்டீங்க."

இடது காலில் இன்னொரு நகமும் கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்தவர் ஒரு காரியம் செய்தார். கறுப்பு முடிகிற இடத்தில், வேர்ப் பக்கம், பிளேடு முனையால் நகத்தின் மேல் மெல்லிய ஒரு கீறல் போட்டார். "ஒரு மாசம் கழிச்சு வாங்க. கீறலும் கறுப்பும் சேர்ந்து முன்னால நகர்ந்திருந்தா அது ரத்தம்தான். கீறல் நகர்ந்து, கறுப்பு அங்கேயே நின்னா வேற மாதிரி யோசிக்கணும்." அடிபடாமலே ஒரு நகத்தில் மட்டும் கறுப்புக் கோடு தோன்றி, நாளாக ஆக அகலமாகி, நகத்தின் அடித்தோலுக்கும் பரவினால் அது அபூர்வமாகத் தோல் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்று விளக்கினார். நம்மைப் போன்ற கறுத்த தோலில் நகங்களில் இயல்பாகவே கோடுகள் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை, புதிதாக வந்து மாறிக்கொண்டே இருப்பதைத்தான் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஒரு மாதம் தினமும் அந்தக் கீறலைப் பார்த்தேன். ஒரு கடுகின் அகலத்துக்கு இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருந்தன.

கால் நகம் ஒரு மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். பெருவிரல் நகம் முழுசாக விழுந்தால் திரும்ப முழுசாக வர ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை ஆகும். அந்தக் காலம் முழுக்கப் பிஞ்சு நகத்தைப் பாதுகாக்க வேண்டும். நான் பாதுகாக்கவில்லை. ஈர சாக்ஸோடு மணிக்கணக்கில் இருந்ததில் புது நகம் மஞ்சளாக, தடித்து, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிற மாதிரி வளர்ந்தது. மருந்துக்கடையில் காட்டினேன். பூஞ்சை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஐந்து மாதம் தடவினேன். தடித்த நகத்தைத் தாண்டிக் களிம்பு உள்ளே போகவே இல்லை. மறுபடி அதே மருத்துவரிடம் போனபோது அவர் நகத்தைக் கொஞ்சம் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பார்க்கப் பூஞ்சை மாதிரியே இருந்தாலும் அடிபட்டு மட்டுமே தடித்த நகங்களும் உண்டாம். பூஞ்சைதான் என்று உறுதியான பிறகு, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். மாத்திரை முடிந்தும் நகம் தெளிந்து வர மேலும் எட்டு மாதம் பிடித்தது. பரிசோதனை இல்லாமல் இந்த மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்குகிறவர்களை மைதானத்தில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அதே மைதானத்தில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் வருவார்கள். 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அண்ணன் போட்ட கேன்வாஸ் ஷூவைத் தம்பி போட்டுக்கொண்டு வருவான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு நாள் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பெருவிரல் ஓரம் வீங்கி, தொட முடியாமல் இருந்தது. நகத்தைப் பிறை மாதிரி வளைத்து, மூலையை ஆழமாகக் குடைந்து வெட்டியிருக்கிறான். வெட்டாமல் விட்ட ஒரு முள் சதைக்குள் ஏறி வளர்ந்துவிட்டது. "இன்னும் ஒம்பது நாளு தான்ணே இருக்கு," என்றான். வண்டியில் ஏற்றி அதே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். விரலின் அடியில் மரத்துப்போக ஊசி போட்டு, நகத்தின் அந்த ஓரத்தை மட்டும் நீளவாக்கில் கீற்றாக எடுத்தார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை. நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டக் கூடாது என்று யாராவது அவனுக்கு ஆறாம் வகுப்பில் சொல்லியிருந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் வலித்த நகங்கள்.

அப்பா இருபது வருடத்துக்கு மேலாகத் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிறவர். ஆனையூரிலிருந்து சமயநல்லூர் போய் மற்ற ஊர்க்காரர்களோடு சேர்ந்துகொள்வார்கள். வாடிப்பட்டி, கொடைரோடு, செம்பட்டி, ஒட்டன்சத்திரம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் வெறுங்கால் நடை. 2018-இல் தைப்பூசமும் சந்திர கிரகணமும் ஒரே நாளில் வந்தன, ஜனவரி 31. கிரகணத்துக்கு முன்பே தரிசனம் முடிக்க வேண்டும் என்று அந்த வருடம் வேகமாக நடந்திருக்கிறார்கள். பழநியில் சண்முகா நதியில் குளிக்க இறங்கியபோதுதான், இடது கால் இரண்டாம் விரலில் நகம் இல்லாததை அப்பா பார்த்திருக்கிறார். எங்கே பேர்ந்தது, எப்போது பேர்ந்தது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவில்லை. மஞ்சளை அப்பிக்கொண்டு மலை ஏறி, சாமி கும்பிட்டு, பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். எங்களிடம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அம்மா வீட்டில் எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று பரண் எல்லாம் தேடினாள். நான் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே குனிந்தபோது அவர் கால் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"ஏம்ப்பா, சொல்லக் கூடாதா?"

"வலிக்கவே இல்லையேடா. வலிச்சாத்தானே சொல்ல?"

மருத்துவமனையில் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார்கள். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையைப் பிடித்து, அது வளைகிற வரைக்கும் பாதத்தில் அழுத்தினார் மருத்துவர். பத்து கிராம் எடைக்கு என்ன அழுத்தமோ அவ்வளவுதான். "தொடும்போது சொல்லுங்கய்யா." பெருவிரலின் அடியில் அழுத்தினார். அப்பா பேசாமல் இருந்தார். பாதத்தின் முன்மேட்டில் அழுத்தினார். பேச்சில்லை. குதிகாலில் அழுத்தினார். அப்பா கண்ணை மூடியபடியே, "ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டார். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பங்குனியில் அந்த விரலை எடுத்தார்கள். எலும்பு வரைக்கும் சீழ் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த அந்த நாட்களில்தான் டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் படித்தேன். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அப்படி இல்லை, நோய் நரம்பைத்தான் கொல்கிறது, வலி தெரியாததால் காயத்தோடு நடந்து நடந்துதான் கால் அழிகிறது என்று அவர் வேலூரில் நோயாளிகளோடு இருந்து கண்டு சொன்னார். அதற்கு மருந்தாக அவர் சிந்தித்ததில் ஒன்று செருப்பு. தொழுநோய்க்காரர்களுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் செய்து பார்த்த மெத்தென்ற ரப்பர் செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகள் போடும் எம்.சி.ஆர். செருப்பு. கறுப்பாக, விரலால் அமுக்கினால் அமுங்கி எழும். அப்பாவுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தோம். வலியை அவர் ஒரு கொடை என்றே எழுதியிருக்கிறார். அடுப்பங்கரையில் ஊக்கைக் காய்ச்சிய இரவை நினைத்துக்கொண்டேன். என் நகம் என்னை எழுப்பிவிட்டது. அப்பாவின் நகம் அவரை எழுப்பவில்லை. "உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று புதூர் மருத்துவர் கேட்டது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நான் செய்த காரியத்தை அப்பா செய்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்காது.

நான் ஓடுவதை நிறுத்தவில்லை. ஷூவை மாற்றினேன். இப்போது ஒன்பது போடுகிறேன். இந்த எண்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு அங்குலம், எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த எட்டரை மில்லிமீட்டருக்காக மூன்று நகம் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது போடுகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போவேன். எழுந்து நின்று, நீளமான விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பேன். பெரிய ஷூ வாங்கினால் மட்டும் போதாது, தொளதொளவென்று இருந்தாலும் பாதம் சறுக்கி முட்டத்தான் செய்யும். கணுக்காலுக்குப் பக்கத்தில் கடைசியாகத் தனியே ஒரு துளை இருக்கிறதே, பலர் அதைத் தொடுவதே இல்லை. கயிற்றை அதே பக்கத்துக் கடைசித் துளையில் விட்டுச் சிறு வளையமாக்கி, எதிர்ப்பக்கத்துக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் பின்னால் பதிந்து உட்காரும். விரல்கள் முன்னால் ஓடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அந்த உசிலம்பட்டிப் பையன். அவன் இப்போது காவலர்.

நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாளில் நகம் வெட்ட மாட்டேன். இரண்டு நாள் முன்பே, குளித்து நகம் ஊறிய பிறகு, நேர்கோட்டில் வெட்டி ஓரத்தை அரத்தால் மழுப்பிவிடுவேன். ஓடி முடித்ததும் சாக்ஸை உடனே கழற்றி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்துவிடுவேன். பழமுதிர்சோலை இறக்கத்தில் எட்டைச் சிறிதாக்கி, மெதுவாக இறங்குகிறேன். கூட வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். 2019-க்குப் பிறகு ஒரு நகம்கூடக் கறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு வந்து குளித்ததும் அப்பாவின் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொள்வேன். அதே பின்வாசல் படிதான். காலை வெயில் நேராக விழும். ஒன்பது விரலையும் ஒவ்வொன்றாக விலக்கி, நகக்கண், இடுக்கு, அடிப்பாதம், குதிகால் எல்லாம் பார்ப்பேன். நகத்தை மிகவும் ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டுவேன். குனிந்து பார்க்க எனக்கே இப்போது கண்ணாடி வேண்டியிருக்கிறது. அவருக்குக் கண்ணும் எட்டாது, முதுகும் வளையாது. அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "இன்னைக்கு எம்புட்டுத் தூரம்?" என்று கேட்பார். சொல்வேன். நான் எந்த விரலைப் பிடித்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால், இன்று ராத்திரி படுக்கும் முன் அவர் காலை வெளிச்சத்தில் தூக்கி வைத்து விரல்களை விலக்கிப் பாருங்கள். வலிக்கிறதா என்று அவரிடம் கேட்காதீர்கள். நீங்களே பாருங்கள்.